எந்த வைரத்தை வாங்கினால் துப்பாக்கிக்குக் காசு போகாது?

ஒரு கேரட் என்றால் 0.2 கிராம். ஒரு கிலோவுக்கு 5,000 கேரட். பட்டை தீட்டாத கச்சா வைரம் ஒரு கிலோவை இரண்டு டம்ளருக்குள் அடக்கிவிடலாம். மெட்டல் டிடெக்டர் கத்தாது, மோப்ப நாய்க்கு வாசனை பிடிபடாது, இருபது வருடம் மண்ணில் புதைத்து வைத்தாலும் கெடாது. காட்டுக்குள் படை நடத்துகிறவனுக்கு இதைவிட வசதியான கஜானா கிடையாது.

மோதிரத்துக்கு வைரம் தேடிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சண்டைக்குக் காசு போகாத கல் எது? கடையில் கேட்டால் எல்லாமே சர்டிபிகேட் உள்ளதுதான் என்கிறார்கள்." கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த சர்டிபிகேட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தனிக்கதை. அவள் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன: சாதாரண சான்றிதழ் வைரம், சுரங்கத்தின் பெயர் தெரிந்த வைரம், ஆய்வக வைரம், பழைய வைரம், ஆற்றுப்படுகையில் கையால் தோண்டுகிறவர்களிடமிருந்து வரும் வைரம். ஒவ்வொன்றையும் பார்ப்பதற்கு முன்னால், காசு போன பாதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மண்வெட்டியும் சல்லடையும் போதும்

வைரம் இரண்டு விதமான இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறைக் குழாய். அதைத் தோண்டக் கோடிக்கணக்கில் முதலீடு வேண்டும். ராட்சத லாரிகளும் பாறை நொறுக்கும் ஆலைகளும் வேண்டும். கிளர்ச்சிப் படை வந்து பிடித்தாலும் அதை ஓட்டத் தெரியாது. இன்னொன்று, அந்தப் பாறையை மழை அரித்து ஆறு இழுத்துக்கொண்டு போய்ப் பரப்பிவிட்ட வண்டல். அங்கே மண்வெட்டி, வாளி, சல்லடை போதும். அப்புறம், மிரட்டி வேலை வாங்கத் துப்பாக்கி. அங்கோலாவின் குவாங்கோ பள்ளத்தாக்கும் சியரா லியோனின் கோனோ மாவட்டமும் இந்த இரண்டாவது வகை. வைரம் இருக்கும் எல்லா இடத்திலும் போர் வரவில்லை, வண்டலில் வைரம் கிடைத்த இடங்களில்தான் அதிகம் வந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

அங்கோலாவில் ஜொனாஸ் சவிம்பியின் யுனிட்டா கிளர்ச்சி இயக்கம் 1992 முதல் 1998 வரை வைரத்தில் மட்டும் 370 கோடி டாலர் சம்பாதித்ததாக குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1998-இல் தடை போட்ட பிறகும் கல் வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. 2000-இல் கனடாவின் ஐ.நா. தூதர் ராபர்ட் ஃபௌலரின் குழு, யார் யார் உதவினார்கள் என்று ஆட்சியில் இருந்த தலைவர்களின் பெயரையே போட்டு அறிக்கை வெளியிட்டது. அதுவரை ஐ.நா.வில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

சியரா லியோன் கதை இன்னும் கொடூரம். ஃபோடே சங்கோவின் புரட்சிகர ஐக்கிய முன்னணி, சுருக்கமாக ஆர்.யூ.எஃப்., கோனோவைப் பிடித்து ஊர் மக்களைக் குழியில் இறக்கித் தோண்ட வைத்தது. கல் எல்லை தாண்டி லைபீரியாவுக்குப் போனது. ஆயுதம் அதே வழியில் திரும்பி வந்தது. இந்த வியாபாரத்தில் அவர்களுக்கு ஆண்டுக்கு 2.5 கோடியிலிருந்து 12.5 கோடி டாலர் வரை கிடைத்திருக்கும் என்று ஐ.நா. நிபுணர் குழு மதிப்பிட்டது. இதற்கு நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1999 லோமே அமைதி ஒப்பந்தத்தில் அதே சங்கோவை நாட்டின் கனிம வளத்தை நிர்வகிக்கும் ஆணையத்துக்குத் தலைவர் ஆக்கினார்கள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

கணக்குப் புத்தகத்தில் இது தெரியாமல் போகவில்லை. லைபீரியாவின் மண்ணில் ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை லட்சம் கேரட்தான் எடுக்க முடியும். ஆனால் 1994-இலிருந்து 1998-க்குள் லைபீரியாவிலிருந்து 3.1 கோடி கேரட் வந்திறங்கியதாக பெல்ஜியத்தின் பதிவேடு காட்டியது. ஆண்டுக்கு 60 லட்சம் கேரட்! எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அந்த லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு சியரா லியோனில் செய்த குற்றங்களுக்கு உடந்தையாக இருந்ததற்காக 2012-இல் 50 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. விசாரணையின்போது மாடல் அழகி நவோமி கேம்பல் சாட்சிக் கூண்டில் ஏறி, 1997-இல் டெய்லரும் கலந்துகொண்ட ஒரு விருந்துக்குப் பிறகு இரவில் தன் அறைக் கதவைத் தட்டி யாரோ ஒரு சின்னப் பையைக் கொடுத்தார்கள் என்றார். உள்ளே இருந்தவை அழுக்காகத் தெரிந்த சில சிறு கற்கள். கச்சா வைரம் அப்படித்தான் இருக்கும். பார்த்தால் சோப்புத் துண்டு மாதிரி.

வழி ஒன்று: "சர்டிபிகேட் இருக்கிறது"

இந்தப் பின்னணியில்தான் 2000 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் பேச்சு தொடங்கி, 2003 ஜனவரி 1 முதல் கிம்பர்லி செயல்முறை நடைமுறைக்கு வந்தது. விதி எளிது: கச்சா வைரம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது முத்திரையிட்ட பெட்டியில், அரசு தரும் சான்றிதழோடுதான் போக வேண்டும். உறுப்பு நாடுகள் உறுப்பில்லாத நாடுகளோடு வைர வியாபாரம் செய்யக் கூடாது.

இதைக் கேலி செய்வது சுலபம், பலர் செய்கிறார்கள். ஆனால் பலன் இல்லாமல் போகவில்லை. சியரா லியோனின் அதிகாரபூர்வ வைர ஏற்றுமதி 1999-இல் சுமார் 12 லட்சம் டாலர். 2004-இல் 12 கோடி டாலரைத் தாண்டியது. போர் முடிந்ததும் காரணம், சரி. ஆனால் கள்ளப் பாதையில் போய்க்கொண்டிருந்த கல் அரசின் மேசைக்கு வந்ததில் சான்றிதழுக்கும் பங்கு உண்டு.

சிக்கல் அதன் வரையறையில் இருக்கிறது. முறையான அரசைக் கவிழ்க்கக் கிளர்ச்சிப் படைகள் பயன்படுத்தும் கச்சா வைரம் மட்டுமே அதன் கணக்கில் "மோதல் வைரம்". அரசாங்கமே சுட்டால்? அது கணக்கில் வராது. ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் 2008 கடைசியில் ராணுவம் ஹெலிகாப்டரோடு இறங்கி, தோண்டிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டது. 200 பேருக்கு மேல் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. மூன்று வருடம் கழித்து, 2011 நவம்பரில், அந்த வயல்களின் கல்லை ஏற்றுமதி செய்ய கிம்பர்லி அமைப்பு அனுமதி தந்தது. அடுத்த மாதமே குளோபல் விட்னஸ் வெளியேறியது. இந்த ஏற்பாடு உருவாகவே காரணமாக இருந்த அமைப்புகளில் அதுவும் ஒன்று. வரையறையை மாற்றலாமே என்றால், அங்கே எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்க வேண்டும். ஒரு நாடு கை தூக்கினால் போதும், விஷயம் நின்றுவிடும். 2022-இல் உக்ரைன் போரைப் பற்றிப் பேசலாம் என்று எழுந்த கோரிக்கை நிகழ்ச்சி நிரலுக்குள்ளேயே வர முடியவில்லை.

இன்னொரு ஓட்டையைக் கடைக்காரர்களே பலர் அறியமாட்டார்கள். கிம்பர்லி சான்றிதழ் கச்சா கல்லுக்கு மட்டும். பட்டை தீட்டும் மேசையில் ஏறியதும் அதன் வேலை முடிந்தது. உலகின் வைரங்களில் பத்துக்கு ஒன்பது பட்டை தீட்டப்படும் சூரத்தில், பல நாட்டுக் கற்கள் அளவு, நிறம், தரம் பார்த்துப் பிரிக்கப்படுகின்றன. எந்த நாடு என்று பார்த்து யாரும் பிரிப்பதில்லை. பொட்டலம் பொட்டலமாக மாறும்போது பிறந்த இடம் தொலைந்துபோகிறது. வியாபார நகரங்களுக்கு இடையில் போகும் கச்சா பொதிகளின் சான்றிதழிலேயே பல நேரம் நாட்டின் பெயர் இருக்காது, "கலப்பு மூலம்" என்றுதான் இருக்கும். கடைசியில் உங்கள் பில்லில் வரும் "மோதலற்ற வைரம்" என்ற வரி, விற்பவர் தனக்கு விற்றவர் சொன்னதை நம்பித் தரும் உறுதிமொழி. அவருக்கு விற்றவரும் அப்படியே.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2013-இல் செலேக்கா கிளர்ச்சியாளர்கள் ஆட்சியைப் பிடித்ததும் கிம்பர்லி தடை வந்தது. தடையால் தோண்டுவது நின்றுவிடவில்லை. கல் பக்கத்து நாட்டுக்குள் போய் அந்த நாட்டுச் சான்றிதழோடு வெளியே வருவதைத் தடுக்க, ஆற்றங்கரையில் காவல் நிற்க ஆள் இல்லை. அந்தத் தடை முழுதாக விலகியது 2024 நவம்பரில்தான். இந்தப் பதினோரு ஆண்டில் வெளியே போன கல் இன்று எந்த விரலில் இருக்கிறது என்று எந்த ஆய்வகத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வழி இரண்டு: சுரங்கத்தின் பெயர் தெரிந்த கல்

சுரங்கத்திலிருந்து பட்டறை வரை ஒரே கல்லைத் தனியாகப் பின்தொடர்ந்து, எண் போட்டு, பட்டை தீட்டிய பிறகு விளிம்பில் லேசரால் அந்த எண்ணைப் பொறிப்பது இந்த வழி. கனடாவின் ஏகாட்டி, டயாவிக் சுரங்கங்களின் கற்கள் இப்படித்தான் முதலில் பெயர் வாங்கின. பின்னால் டி பியர்ஸ் என்ற பெரிய வைர நிறுவனம் தன் கற்களுக்கு ட்ரேசர் என்ற டிஜிட்டல் பதிவேட்டைக் கொண்டுவந்தது.

போட்ஸ்வானா இந்த வழிக்கு நல்ல உதாரணம். 1966-இல் சுதந்திரம் பெற்றபோது மிக ஏழை நாடு. அடுத்த வருடம் ஒராபாவில் வைரம் கிடைத்தது, பிறகு ஜ்வானெங். இரண்டும் கிம்பர்லைட் குழாய்கள், இரண்டையும் நடத்தும் டெப்ஸ்வானா நிறுவனத்தில் அரசுக்குப் பாதி, டி பியர்ஸுக்குப் பாதி. பணம் பள்ளிக்கூடமாகவும் சாலையாகவும் மாறியது. உள்நாட்டுப் போர் வரவில்லை. குறையே இல்லையா? மத்திய கலஹாரியில் பூர்வகுடிகளான சான் மக்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006-இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வைரத்துக்காகத்தான் வெளியேற்றினார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது, அரசு மறுக்கிறது. ஆனால் துப்பாக்கிக்குக் காசு போகிறதா என்ற நம் கேள்விக்கு போட்ஸ்வானா தரும் பதில் தெளிவானது.

ஒரு எச்சரிக்கை. சுரங்கம் தெரிந்தால் மட்டும் போதாது, சுரங்கம் யாருடையது என்று தெரிய வேண்டும். உலகின் கச்சா வைரத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் எடுக்கும் ரஷ்ய நிறுவனமான அல்ரோசாவின் சுரங்கங்கள் சைபீரியாவில் எங்கே இருக்கின்றன என்பதில் ரகசியமே இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு ரஷ்ய மத்திய அரசிடம், கால் பங்கு யகூத்தியா குடியரசிடம். அதாவது பிறந்த இடம் சுத்தமாகத் தெரிந்த கல், போர் நடத்திக்கொண்டிருக்கும் அரசின் கஜானாவுக்கு நேராகப் போகலாம். கிம்பர்லி வரையறைப்படி அதில் குறையும் இல்லை. இதனால்தான் ஜி-7 நாடுகள் தனியாகத் தடை போட்டன. 2024 ஜனவரியில் ரஷ்யாவிலிருந்து நேரடி இறக்குமதிக்கு, மார்ச்சில் வேறு நாட்டில் பட்டை தீட்டிய ஒரு கேரட்டும் அதற்கு மேலும் உள்ள ரஷ்யக் கற்களுக்கு, செப்டம்பரில் அரை கேரட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு.

அந்த அரை கேரட் எல்லையைக் கவனியுங்கள். மோதிரத்தின் நடுக்கல்லுக்குத்தான் எண்ணும் பதிவேடும் வரும். அதைச் சுற்றிப் பதிக்கும் பொடிக்கற்கள் ஒவ்வொன்றும் கடுகளவு. பட்டறைக்கு நூற்றுக்கணக்கில் ஒரே பொட்டலமாக வருபவை. அவற்றின் ஊரைக் கேட்டால் பெரும்பாலான கடைகளில் விழிப்பார்கள். நடுக்கல்லுக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டுப் பொடிக்கற்களைச் சும்மா விடுவது, வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்துவைப்பது மாதிரி. ஒற்றைக்கல் மோதிரம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

வழி மூன்று: ஆய்வக வைரம்

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1954 டிசம்பரில் செயற்கை வைரம் உருவானது. இன்று இரண்டு முறைகள்: பூமிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் இயந்திரத்தில் உண்டாக்குவது, இல்லையென்றால் வாயுவிலிருந்து கார்பனை அடுக்கடுக்காகப் படிய வைப்பது. சில வாரங்களில் கல் தயார். பத்து மடங்கு லூப்பில், அதாவது நகைக்காரர்களின் உருப்பெருக்கிக் கண்ணாடியில், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வியாபாரிகளுக்கும் வெறும் லூப்பால் தெரியாது, அதற்குத் தனி கருவி வேண்டும். 'ஆய்வகம்' என்ற சொல்தான் கொஞ்சம் அலங்காரம், உண்மையில் இது தொழிற்சாலை.

துப்பாக்கிக்குக் காசு போகக் கூடாது என்பது மட்டுமே உங்கள் கவலை என்றால், மேலே படிக்க வேண்டாம், இதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றுப்படுகையும் சோதனைச்சாவடியும் கடத்தல்காரனும் இல்லாத பாதை இது ஒன்றுதான். கேட்க வேண்டிய கேள்வி மின்சாரத்தைப் பற்றியது. நிலக்கரி மின்சாரத்தில் வளர்ந்த கல்லுக்கு பசுமைப் பட்டம் கட்டி விற்பதை நம்ப வேண்டாம். மறுவிற்பனை மதிப்பையும் எதிர்பார்க்காதீர்கள். டி பியர்ஸ் 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் கேரட் 800 டாலருக்கு ஆய்வக வைரம் விற்கத் தொடங்கியபோது அது அடிமாட்டு விலை என்றார்கள். அதற்குப் பிறகு சந்தை விலை அதற்கும் கீழே சரிந்து, 2025-இல் அந்த நிறுவனம் லைட்பாக்ஸை மூடுவதாக அறிவித்தது.

ஒரு மறுபக்கம் உண்டு. இயற்கை வைரத்தின் விலை விழுவதற்கு ஆய்வக வைரமும் ஒரு காரணம். அந்த அடியை முதலில் வாங்கியது போர்ப் பிரபுக்கள் இல்லை, போட்ஸ்வானா. 2024-இல் அந்த நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது.

வழி நான்கு: பழைய கல்

பாட்டி நகையோ, ஏலத்தில் வருவதோ, உருக்கிய நகையிலிருந்து எடுத்ததோ. புதிதாக எந்தச் சுரங்கக்காரருக்கும் காசு போவதில்லை. நூறு வருடத்துக்கு முன் கையால் பட்டை தீட்டிய கல்லை லூப்பில் மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம், ஓட்டை மாதிரி தெரியும். அடிமுனையைக் கூராக்காமல் தட்டையாக விட்டதன் அடையாளம். எனக்கு அதன் மேல் ஒரு தனி ஆசை.

பழையது என்பதாலேயே அதன் கதை சுத்தமாகிவிடாது. 1880-களிலிருந்து கிம்பர்லியில் கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முழுக்க வேலியிட்ட வளாகத்துக்குள் அடைத்து வைத்துத்தான் கல் எடுத்தார்கள். 1997-இல் வாங்கிய மோதிரமும் இன்று பழைய நகைதான், அதன் கல் கோனோவிலிருந்து வந்திருக்கலாம். ஆனாலும் இன்று நீங்கள் தரும் பணம் ஆர்.யூ.எஃப்.புக்குப் போகாது. நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான்: பழையதுதான் என்பதற்கு ஆதாரம். நவீன வெட்டில் பளபளக்கும் ஒரு கல்லை "பழைய நகையிலிருந்து எடுத்தது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பழைய வெட்டும் பழைய நகை அமைப்பும் சேர்ந்து இருந்தால் நம்பலாம்.

வழி ஐந்து: தோண்டுகிறவர் கை

கோனோவில் இன்றும் ஆட்கள் முழங்கால் நீரில் நின்று வட்டச் சல்லடையைச் சுழற்றுகிறார்கள். வைரம் மற்ற சரளையைவிட கனம். சரியாகச் சுழற்றினால் கனமான கற்கள் நடுவில் சேரும். அப்புறம் சல்லடையை ஒரே வீச்சில் தரையில் கவிழ்ப்பார்கள், குவியலின் நடுப்புள்ளியில்தான் கண். நாள் முழுக்க இப்படிக் கவிழ்த்தும் ஒன்றும் இல்லாமல் போவதே வழக்கம். பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாடும் கருவியும் தருபவர் ஒரு முதலாளி. கல் கிடைத்தால் பங்கும் விலையும் அவர் சொல்வதுதான்.

உலகின் வைர உற்பத்தியில் சிறு பங்குதான் இவர்களுடையது. ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பிழைப்பு இதில். இவர்களை மொத்தமாக ஒதுக்கினால் கல் மறைந்துவிடாது, எந்தக் கேள்வியும் கேட்காத தரகரிடம் போகும். இவர்களுக்கு நியாய விலை கிடைக்க சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. மேண்டலேயோ தரவிதிகள் ஒன்று. சியரா லியோனில் 2018-இல் டி பியர்ஸ் தொடங்கிய ஜெம்ஃபேர் இன்னொன்று. 2017 மார்ச்சில் கோனோவில் ஒரு போதகரின் குழு தோண்டி எடுத்த 709 கேரட் கல்லை அவர் கள்ளச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் அரசிடம் ஒப்படைத்தார். அந்த டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 65 லட்சம் டாலருக்குப் போனது. பாதிக்கு மேல் அரசுக்கும் ஊர் நலனுக்கும். 'அமைதி வைரம்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் இதைச் சிபாரிசு செய்யத் தயக்கமாக இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லைக் கேட்டு வாங்கும் கடைகள் அபூர்வம். கிடைத்தாலும் நாம் நினைத்த அளவு, நினைத்த நிறம் அமையாது. நேரமும் பொறுமையும் உள்ளவர் தேடட்டும்.

அப்படியானால் எதை எடுப்பது?

என் வரிசை இது. மனச்சுமை இல்லாமல், குறைந்த செலவில், ஒரே வாரத்தில் முடிக்க வேண்டுமா? ஆய்வக வைரம். பூமியிலிருந்து வந்த கல்தான் வேண்டும் என்றால் போட்ஸ்வானா அல்லது கனடா, சுரங்கப் பெயரோடு, ஒற்றைக்கல்லாக. பழைய வெட்டின் அழகு பிடிக்கும் என்றால் பழைய நகை, இரண்டாவது யோசனை வேண்டாம். வெறும் "சான்றிதழ் வைரம்" கடைசி இடத்தில். அது மோசமான கல் என்பதால் இல்லை. அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால்.

கடையில் கேட்க மூன்று கேள்விகள் போதும்: எந்த நாடு, எந்தச் சுரங்கம்? பட்டை தீட்டியது எங்கே? இந்த இரண்டையும் பில்லிலேயே எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் மௌனத்தைக் கவனியுங்கள். என் தோழி போன முதல் கடையில் கிம்பர்லி என்று அச்சடித்த ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்களாம். இரண்டாவது கடையில் விற்பனையாளர் உள்ளே போய்க் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, நடுக்கல்லுக்கு எழுதித் தரலாம், சுற்றியுள்ள பொடிக்கற்களுக்கு முடியாது என்றார். பொடிக்கற்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒற்றைக்கல்லுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.